ஏர் ரைஃபிளில் பீப் சைட்: ஏழு வாரம், 4,690 ரூபாய், ஒரு சின்ன ஓட்டை

போன ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு மொட்டை மாடியில் சுட்ட ஐந்து பெல்லட் குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிட்டன. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் 13.5 மி.மீ. பெல்லட்டின் 4.5-ஐக் கழித்தால் நடுவுக்கு நடு 9. தூரம் 10 மீட்டர். இதே ரைஃபிள், இதே தோள், ஏழு வாரத்துக்கு முன்னால் 35 மி.மீ. அட்டையில் தேதி போட்டு நோட்டில் ஒட்டிவிட்டேன். மறப்பதற்குள் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு 47 வயது. வெள்ளெழுத்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. என்னிடம் இருப்பது நம் நாட்டில் செய்த .177 (4.5 மி.மீ.) பிரேக் பேரல் ஸ்பிரிங் ரைஃபிள், அதாவது பேரலை (குழலை) மடக்கி உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை இறுக்குகிற வகை. சைட் என்றால் குறி பார்க்கிற அமைப்பு. சாதாரண ஓப்பன் சைட்டில் பின்பக்க நாட்ச் (வெட்டு), முன்பக்கக் குச்சி, அப்பால் குறி அட்டையின் கறுப்பு வட்டம் என்று மூன்றையும் கண் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும். நாட்ச் என் கண்ணிலிருந்து ஒன்றேகால் அடியில் இருக்கிறது, அது பஞ்சு மாதிரிதான் தெரியும். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் நாட்ச் தெளிகிறது, கறுப்பு வட்டம் காணாமல் போகிறது. டெலஸ்கோப் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கியபோது அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது லென்ஸ் அல்ல, ஒரு சின்ன ஓட்டைதான். அதுதான் பீப் சைட். அந்த ஓட்டை வழியாகப் பார்த்துச் சுடவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

இடத்தைப் பற்றி முதலில். வீடு காட்பாடியில். மனை நாற்பதடி நீளம், அதனால் மாடியில் 10 மீட்டர் சரியாகக் கிடைக்கிறது. வடக்குக் கோடியில் படிக்கட்டு ரூம் சுவர். அதற்கு முன்னால் பிளைவுட் பெட்டி ஒன்று வைத்து, உள்ளே பழைய புடவைகளை இறுக்கித் திணித்து, பின்னால் இரண்டு மணல் மூட்டை. பாலாற்றுப் பக்கம் போய்ச் சுடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆடு மாடு மேய்க்கிறவர்களும் நடந்து போகிறவர்களும் இருக்கிற இடம், அந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டேன். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் லைசென்ஸ் தேவையில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு இரண்டு குடும்பத்திடமும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அணில், பறவை எதன் மேலும் குறி வைப்பதில்லை. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். பெல்லட் ஈயம்.

முதல் வாரம் அளவெடுப்பதிலேயே போனது, அது வீண் போகவில்லை. பழைய நாட்சிலிருந்து முன் குச்சிக்கு 415 மி.மீ. பீப் சைட் உட்காரப்போகிற இடத்திலிருந்து முன் குச்சிக்கு 745. இந்த 745 தான் பிறகு எல்லாக் கணக்குக்கும் தாய். 10,000-ஐ 745-ஆல் வகுத்தால் 13.4. அதாவது பின்பக்க ஓட்டை 1 மி.மீ. நகர்ந்தால் பத்து மீட்டரில் அடி, அதாவது பெல்லட் போய்ப் படுகிற இடம், 13.4 மி.மீ. நகரும். வாங்கிய பீப் சைட்டின் திருகை ஒரு முழுச் சுற்று சுற்றி வெர்னியரில் பார்த்தேன். பத்து கிளிக், 0.5 மி.மீ. ஆக ஒரு கிளிக்குக்கு அட்டையில் 0.67. இதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்தது எத்தனையோ பெல்லட்டை மிச்சப்படுத்தியது.

சைட் 2,800 ரூபாய். அலுமினிய உடம்பு, 11 மி.மீ. டவ்டெயில் ரெயிலுக்கு (ரைஃபிளின் முதுகில் சைட் மாட்டுகிற சாய்வுப் பள்ளம்) என்று போட்டிருந்தது. என் ரைஃபிளின் ரெயிலை அளந்தால் 11.3. சைட்டின் பிடிப் பற்கள் முழுதாகப் பிடிக்கவில்லை, ஓரத்தை மட்டும் கவ்வின. இறுக்கினால் சரியாகிவிடும் என்று நீளமான ஆலன் கீயைப் போட்டு முறுக்கினேன். அலுமினியத்தில் இருந்த மரை அப்படியே உரிந்து திருகோடு வந்துவிட்டது. பிறகு அந்தத் திருகு ஓட்டையைப் பெரிதாக்கி, ஊடுருவிப் போகிற எம்4 (4 மி.மீ.) போல்ட்டும் நட்டும் போட்டேன், 40 ரூபாய். பற்களை முக்கோண அரத்தால் நாலைந்து இழுப்பு இழுத்து, ரெயிலில் கறுப்பு மார்க்கர் பூசி, எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து உட்கார வைத்தேன். இதை முதலிலேயே செய்திருந்தால் மரை தப்பித்திருக்கும்.

அதோடு தீரவில்லை. சைட்டுக்குப் பின்னால் ரெயிலில் வெள்ளி மை பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். முப்பது ஷாட்டில் சைட் அந்தக் கோட்டைத் தாண்டி 1.5 மி.மீ. பின்னால், கண்ணை நோக்கி வந்திருந்தது. ஸ்பிரிங் ரைஃபிளின் உதை இரண்டு பக்கம். பிஸ்டன் கிளம்பும்போது பின்னால் ஒரு தள்ளு, அது போய் முட்டும்போது முன்னால் அதைவிடக் கடுமையாக ஒரு வெட்டு. ரைஃபிள் முன்னால் பாய்கிறது, மேலே இருக்கிற சாமான் அங்கேயே நிற்கப் பார்க்கிறது. ரெயிலைப் பெட்ரோலால் துடைத்தேன், துணியில் வந்த எண்ணெயைப் பார்த்ததும் பாதிக் காரணம் புரிந்தது. மீதிக்கு ரெயிலில் ஒரு குழி போட்டு, தடுப்பாக ஒரு சின்ன ஆணி இறக்கிவிடலாம் என்று டிரில்லைத் தூக்கிக்கொண்டு ராணிப்பேட்டையில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன்.

பட்டறை அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். துப்பாக்கி வேலை அவருக்குப் புதிது, ஆனால் இரும்பு வேலையில் நாற்பது வருஷம். ரைஃபிளை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இதுல போய் ஓட்டை போடச் சொல்றே? உள்ள ஸ்பிரிங்கு ஓடுற குழாயாச்சே இது. பிசிறு உள்ள வுழுந்துச்சுன்னா கோடு கோடா இழுத்துடும்."

"அப்ப இன்னாண்ணே பண்றது? வழுக்கிகினே வருது."

"வழுக்குறதுக்குப் பின்னால ஒரு கட்டையைக் குடு. அவ்ளோதான்."

அவர் சொன்னபடியே டெலஸ்கோப் மவுண்ட்டின் தனி அடிப்பாகம் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கி, சைட்டின் முதுகுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இறுக்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை அறுநூறு ஷாட்டுக்கு மேல் ஆகிறது, கோடு அசையவில்லை.

அடுத்தது உயரம். நான் அதிகமாகத் தடுமாறியது இங்கேதான். பீப் சைட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் அடி கறுப்பின் நடுவிலிருந்து 51 மி.மீ. மேலே. ஓட்டையின் உயரம் பழைய நாட்சைவிட ஜாஸ்தி. முன் குச்சி உயரமாக இருப்பதால்தான் மேலே அடிக்கிறது என்று எனக்குள் எப்படியோ முடிவுகட்டி, அரத்தை எடுத்து அரை மி.மீ. தேய்த்துவிட்டேன். அடி 51-லிருந்து 58-க்கு ஏறிப்போனது. பின்னது போகிற பக்கம் அடி போகும், முன்னது போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். இதை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு காகிதத்தில் மூன்று புள்ளி வைத்து ஸ்கேலால் கோடு இழுத்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷ வேலை.

ஆக முன் சைட் உயரவேண்டும். 58-ஐ 13.4-ஆல் வகுத்தால் 4.3. கீழே இறக்கிக்கொள்ள இடம் இருக்கட்டும் என்று 1 மி.மீ. சேர்த்து 5.3 என்று படம் வரைந்தேன். எப்படியும் புதிது செய்யப்போகிறோம், குச்சிக்குப் பதில் குளோப் செய்துவிடலாம் என்று தோன்றியது. குளோப் என்றால் ஒரு சின்னக் குழாய், அதன் நடுவில் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை உட்கார வைத்துச் சுடுவது. பேரலின் முனை 15 மி.மீ. அதன்மேல் ஏறுகிற ஒரு கழுத்து, கழுத்தின் முதுகில் குளோப். குளோப்பின் வெளி விட்டம் 18, உள் விட்டம் 15, நீளம் 25. கீழே இரண்டு எம்4 கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகு). அண்ணன் மைல்ட் ஸ்டீலில் கடைந்து கொடுத்தார், 1,100 ரூபாய். முனையில் கொஞ்சம் கனம் கூடியது. நின்று சுடும்போது அது நல்லதாகத்தான் இருக்கிறது, முனை ஆடுவது குறைந்தது.

மாட்டிச் சுட்டேன். கணக்குப்படி அடி 13 மி.மீ. கீழே விழவேண்டும். விழுந்தது 2 மி.மீ. மேலே. இரண்டு நாள் யோசித்தேன். லேத் வேலையில் பிழையோ என்று வெர்னியரை வைத்தால் 5.3 அச்சாக இருந்தது. மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போதுதான் பிடிபட்டது. குச்சியில் நான் குறி வைத்தது கறுப்பு வட்டத்தின் அடிவிளிம்பில். வளையத்தில் குறி வைப்பது நடுவில். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையின் கறுப்பு 30.5 மி.மீ., பாதி 15. அந்தப் பதினைந்து கணக்கில் வரவே இல்லை. சேர்த்துவைத்த 1 மி.மீ. அதற்கே போய்விட்டது.

மறுபடி லேத்துக்குப் போகாமல், பீப் சைட்டின் ஓட்டைத் தகடு உட்கார்ந்திருக்கிற நகரும் கட்டையின் அடியைத் தேய்த்தேன். ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் 220 எமரித் தாள், இரண்டு மாலை, 0.8 மி.மீ. எட்டு வடிவத்தில் தேய்த்து, இருபது இழுப்புக்கு ஒருமுறை மூலைமட்டம் வைத்துப் பார்த்து. பதினாறு கிளிக் இடம் கிடைத்தது. போதும்.

இப்போது அடி நடுவுக்கு வந்துவிட்டது, ஆனால் குரூப், அதாவது ஐந்து ஷாட்டும் சேர்ந்து விழுகிற அகலம், சரியில்லை. ஐந்து ஷாட் சுட்டால் மூன்று மேலே ஒரு கும்பல், இரண்டு கீழே ஒரு கும்பல், இடையில் 12 மி.மீ. பக்கவாட்டில் ஒழுங்காகவே இருந்தது. மூச்சு, தோள், பெல்லட் என்று எல்லாவற்றின்மேலும் சந்தேகப்பட்டேன். மூன்று டப்பா பெல்லட் மாற்றிப் பார்த்து அந்த வாரம் முழுக்க வீணானது. பழைய ஓப்பன் சைட்டில் இப்படி இரண்டு கும்பலாக ஒருநாளும் விழுந்ததில்லையே என்ற யோசனைதான் வழி காட்டியது. பழைய நாட்சும் குச்சியும் இரண்டுமே பேரலின் மேல் இருந்தன. பேரலை மடக்கி மூடும்போது அது கொஞ்சம் முன்னே பின்னே உட்கார்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே அசையும், அடி மாறாது. இப்போதோ முன் சைட் பேரலில், பின் சைட் உடம்பில். பூட்டுகிற இடத்தில் ஒரு தலைமுடி கனம் வித்தியாசம் வந்தாலும் அட்டையில் அது பத்துப் பன்னிரண்டு மி.மீ. ஆகிவிடுகிறது. பிந்த்ரா போன்றவர்கள் பிடிக்கிற மேட்ச் ரைஃபிள்களில் பேரல் அசையாமல் பொருத்தப்பட்டது, அவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சோதனை இப்படி. பெல்லட் போடாமல் ரைஃபிளைக் காக் செய்து (பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கி), முனையைத் தரைக்குக் காட்டாமல் படுக்கையாகப் பிடித்து, பேரலைப் பாதி மடக்கிய நிலையில் மெதுவாகக் கையை எடுக்கவேண்டும். விட்ட இடத்திலேயே அது நிற்கவேண்டும். என்னுடையது தொப்பென்று தொங்கிவிட்டது. காக் ஆகியிருக்கும்போது ட்ரிகர் பக்கம் விரலே போகக்கூடாது, பேரலைப் பிடிக்கிற கை எப்போதும் பிடியில் தயாராக இருக்கவேண்டும், இல்லையென்றால் விரலுக்கு ஆபத்து. தோளில் வைக்கிற மரக்கட்டையைக் கழற்றி, மடக்கு போல்ட்டின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, போல்ட்டைக் கால் சுற்று இறுக்கினேன். இருபக்க வாஷரிலும் மாலிப்டினம் கிரீஸ் கொஞ்சம். பிறகு விட்ட இடத்தில் நின்றது. பிரீச்சில் (பேரலின் பின்வாயில்) இருந்த ஓ-ரிங் ரப்பர் வளையம் நசுங்கித் தட்டையாகியிருந்தது, புதிதாக இரண்டு வாங்கினேன், 30 ரூபாய். போட்டும் முகத்தைவிட்டு மேலே எட்டிப்பார்க்கவில்லை, அதனால் அடியில் தடித்த அழைப்பிதழ் அட்டையில் வெட்டிய வளையம் ஒன்று வைத்தேன். அன்று மாலையே இரண்டு கும்பலும் ஒன்றாகிவிட்டன. குரூப் 15. இந்த ஏழு வாரத்தில் மனசு நிறைந்த மாலை அதுதான்.

ஓட்டைக்கு வருகிறேன். சைட்டோடு வந்த தகட்டில் ஓட்டை 2.5 மி.மீ. காட்டுக்கு எடுத்துப்போகிற ரைஃபிளுக்கு அது சரி, அட்டை சுடுவதற்குப் பெரிது. அண்ணனிடம் ஆறு பித்தளைத் தகடு கடைந்து வாங்கினேன், 250 ரூபாய். சர்க்யூட் போர்டு துளைக்கிற 1.2, 1.6 பிட்டுகளை எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினேன். கை டிரில்லில் போட்டதில் மூன்று பட் பட்டென்று ஒடிந்தன. அந்தப் பிட்டுகள் கண்ணாடி மாதிரி, பக்கவாட்டு அசைவே ஆகாது. கடைசியில் லேத்தின் டெயில்ஸ்டாக்கில் (பிட்டை ஆடாமல் பிடிக்கிற பின் தலை) பிடித்துத்தான் துளைத்தோம். பின்பக்கம் பெரிய பிட்டால் குழித்து, ஓட்டையின் விளிம்பு மெல்லியதாக, 0.3 மி.மீ. அளவுக்கு நிற்கும்படி விட்டோம். ஓட்டை நீளமாக இருந்தால் உள்சுவர் மின்னி வெளிச்சம் சிதறும்.

பித்தளை அப்படியும் மின்னியது. கறுப்புப் பெயின்ட் அடித்தேன், ஓட்டை பாதி அடைத்துக்கொண்டது. தின்னரில் ஊறப்போட்டுக் கழுவிவிட்டு, பூஜை அலமாரியிலிருந்து இரண்டு கட்டி கற்பூரம் எடுத்து ஏற்றி, தகட்டை இடுக்கியில் பிடித்து அந்தப் புகையில் காட்டினேன். பாட்டி கண்மை பிடிப்பதற்குத் தட்டைக் கவிழ்த்துப் பிடிப்பாளே, அப்படி. வெல்வெட் மாதிரி ஒரு கறுப்பு ஏறியது. விரல் பட்டால் போய்விடும், மறுபடி காட்டினால் சரி. முன் வளையத்துக்கும் குளோப்பின் உள்பக்கத்துக்கும் இதே கறுப்புதான். காலை வெயிலில் 1.2 ஓட்டை, மாலை ஐந்தரைக்கு மேல் 1.6.

1.2-ல் முதல்முறை பார்த்தது மறக்காது. கண்ணாடி இல்லாமல், என் கண்ணுக்கு முன் வளையமும் தெளிவு, அப்பால் கறுப்பும் ஏறக்குறையத் தெளிவு. மூன்று வருஷமாகப் பார்க்காத காட்சி.

வளையத்தின் அளவுக்கும் கணக்கு உண்டு. கண்ணிலிருந்து முன் வளையத்துக்கு 815 மி.மீ. அந்த இடத்தில் 30.5 கறுப்பு 2.5 மி.மீ. அளவாகத் தெரியும். முதலில் 3.0 உள் விட்டத்தில் வளையம் வெட்டினேன். கறுப்பைச் சுற்றி வெள்ளை நூல் மாதிரிதான் இருந்தது. கை ஆடினால் அந்த நூல் ஒரு பக்கம் மறைந்து மறைந்து வரும், அதைத் துரத்தியே கண் சோர்ந்துவிடும். 3.8-க்கு மாற்றினேன். வெள்ளை தாராளமாக, நாலு பக்கமும் சமமாக. இறுக்கமான வளையம் துல்லியம் தரும் என்பது எனக்குப் பொய்த்துப்போனது. அட்டையைப் பிரிண்டர் தானே சுருக்கிவிடுகிறது, ஸ்கேல் வைத்து 30.5 வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் கட்டு அத்தனையும் 29.

சைட் உயர்ந்ததால் கன்னம் கட்டையில் படவில்லை, தாடை மட்டும் தொட்டது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் தலை ஒவ்வொரு இடத்தில். மச்சான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கிறான். வெட்டி ஒதுக்கிய தோல் துண்டுகள் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தான். அடியில் ரப்பர் ஷீட், மேலே மூன்று அடுக்குத் தோல், மொத்தம் 14 மி.மீ., ஓரத்தில் குத்தூசியால் துளையிட்டு ஷூ கயிறால் கட்டினேன். ஒட்டவில்லை, உயரம் மாற்றவேண்டியிருக்கும் என்று. தோல் வேர்வையை உறிஞ்சிக்கொள்கிறது, மரக்கட்டையில் வழுக்குவது போல் வழுக்குவதில்லை.

சுடுவதில் இரண்டு விஷயம். பின் ஓட்டையைப் பார்க்கவே கூடாது. அதன் நடுவைக் கண் தானாகத் தேடிக்கொள்ளும், கவனம் முழுக்க முன் வளையத்தில். இரண்டாவது, ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் அடி சிதறும். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் சும்மா கிடக்க விட்டு, ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடம் கையில் படும்படி ஒரு டேப் அடையாளம் ஒட்டியிருக்கிறேன். நேரம், காலை ஆறிலிருந்து எட்டு. எட்டரைக்கு மேல் நம்ம ஊர் வெயிலில் தளம் சுட ஆரம்பித்ததும் கறுப்பு வட்டம் தண்ணீரில் கிடப்பது போல் அலைகிறது.

செலவு: சைட் 2,800, குளோப் 1,100, தகடுகள் 250, சைட்டுக்குப் பின்னால் வைத்த மவுண்ட் அடிப்பாகம் 350, பிட்டுகள் 120, போல்ட் நட்டு 40, ஓ-ரிங் 30. மொத்தம் 4,690. பெல்லட்டும் ராணிப்பேட்டை பஸ் சார்ஜும் தனி.

மறுபடி செய்தால் முதல் நாளே மடக்கு போல்ட்டைச் சோதித்துவிடுவேன், சைட்டை வாங்குவதற்கு முன்னால். ரெயிலை அளந்துவிட்டுத்தான் சைட் ஆர்டர் செய்வேன். வளையத்தை வைத்து நடுவில் குறி பார்ப்பதாகவே உயரக் கணக்குப் போடுவேன். என் ரைஃபிளுக்குச் சரியான எண் 5.3 அல்ல, 6.5. பீப் சைட்டின் அடியைத் தேய்த்தது வேலைக்கு ஆகிறது என்றாலும், பதினாறு கிளிக்கில் இப்போது பதினொன்று செலவாகிவிட்டது. கோடை வந்து, கனமான பெல்லட் மாற்றி, கொஞ்சம் அடி மாறினால் இடம் போதாது. சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறேன். புதுக் குளோப்புக்குப் படம் வரைந்து, 6.5 என்பதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இந்தமுறை அலுமினியத்திலும் ஒன்று கடையச் சொல்லவேண்டும், கனத்தில் எது நன்றாக நிற்கிறது என்று இரண்டையும் மாட்டிப் பார்க்க.